எம்எக்ஸ்-5க்குக் காயில்ஓவர் தேர்ந்தெடுத்த கதை

என் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, அதை டேம்பர் உடலின் தலையோடு ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் கருங்கல் பாவிய தெருக்களில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தேன். ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, டை மேலே ஏறி, டேம்பர் முழுதாகச் சுருங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் அடியில் நசுங்கிக் கிடந்தது. அதாவது அந்தப் பத்து நிமிடத்தில், ஒரு தடவையாவது ஸ்பிரிங்கின் வேலையை உள்ளங்கை அளவு பாலியூரித்தேன் துண்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு தடவைதானா, ஒவ்வொரு குழியிலுமா என்பதை டை சொல்லாது. என் முதுகு சொல்லிவிட்டது.

அந்தக் காயில்ஓவர் செட், அதாவது டேம்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு, நான் பழையதாக வாங்கியது. விளம்பரத்தில் டேம்பரின் இறுக்கத்தை மாற்றும் முப்பதுக்கும் மேற்பட்ட கிளிக்குகள், பளபளக்கும் அலுமினியக் காலர்கள், விரும்பும் அளவுக்குத் தாழ்த்தும் வசதி என்று எல்லாமே இருந்தன. தண்டு எத்தனை மில்லிமீட்டர் பயணம் செய்யும் என்ற ஒரு தகவல் மட்டும் இல்லை. நானும் கேட்கவில்லை. 50 மி.மீ. தாழ்த்தி, அழகு பார்த்து, ஆறு மாதம் ஓட்டினேன். பிறகு அளந்தபோது, வண்டி தரையில் சும்மா நிற்கையிலேயே டேம்பர் தலைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே 15 மி.மீ. இடைவெளிதான் இருந்தது. எம்எக்ஸ்-5இன் முன்பக்க அமைப்பில் சக்கரம் 10 மி.மீ. ஏறினால் டேம்பர் ஏறத்தாழ 7 மி.மீ. சுருங்கும் என்பதால், சக்கரத்துக்குக் கிடைத்த சுதந்திரம் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. எங்கள் தெருமுனைச் சாக்கடை மூடிக்கு அதுவே போதாது.

இந்த 0.7 என்ற விகிதத்தைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பிரிங் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நண்பர் ஒருவர் டொயோட்டா ஜிடி86 வைத்திருக்கிறார்; அவர் முன்பக்கம் 6 கி.கி./மி.மீ. (ஒரு மி.மீ. சுருங்க 6 கிலோ எடை வேண்டிய) ஸ்பிரிங் போட்டு நொந்துபோய், எனக்கும் "ஆறு வேண்டாம், முதுகு போய்விடும்" என்று அறிவுரை சொன்னார். அவர் வண்டியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது டேம்பரே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாக நிற்கும் அமைப்பு. அங்கே டேம்பர் ஏறத்தாழச் சக்கரம் நகரும் அளவுக்கே நகரும். என் வண்டியில் டபுள் விஷ்போன்: சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல்க்கை, கீழ்க்கை என இரண்டு கைகள். சக்கரத்தில் உணரப்படும் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தை இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. 0.7இன் வர்க்கம் 0.49, ஆக என் சக்கரத்தில் அந்த ஆறு, மூன்றாகத்தான் வந்து நிற்கிறது. ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 240 கிலோ என்று வைத்துக்கொண்டால், என் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 1.7 தடவை ஆடும். கூடுதல் எடை இருந்தும் அவருடையது 2 தடவைக்கு மேல் ஆடும். சாதாரணக் குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்கும். தெருவில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை தாங்கும். அதற்கு மேல் போவது ரேஸ் டிராக்குக்கு உரியது. எண் ஒன்றே என்றாலும் வண்டி வேறு என்றால் பலனும் வேறு.

சொல்லப்போனால், ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருப்பது பெரிய குற்றமே அல்ல. மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டுத் தாழ்த்தி, பம்ப் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து ஓடுவது, கடினமான ஸ்பிரிங்கில் போதிய இடைவெளியோடு ஓடுவதைவிடப் பல மடங்கு மோசம். வளைவின் நடுவில் ஒரு மேடு வந்து, பம்ப் ஸ்டாப் இடித்த கணத்தில் அந்த மூலையின் கடினம் திடீரென்று ஏறிவிட, டயர் பிடியை விடுவதை ஒருமுறை அனுபவித்தால் இது விளங்கும். எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையான என்ஏ வைத்திருப்பவர்கள், இரண்டாம் தலைமுறையான என்பியின் மேல் மவுண்டை (டேம்பரை வண்டி உடலோடு பிணைக்கும் பாகத்தை) தேடிப்பிடித்து மாட்டுவதும் இந்தச் சில மில்லிமீட்டர்களுக்காகத்தான்.

உயரத்தை மாற்றும் முறையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டை மரையில் ஏற்றி இறக்குவோம். தட்டை இறக்க இறக்கப் பம்ப் ஸ்டாப்புக்கான இடைவெளியும் குறையும். மற்றதில் டேம்பர் உடலே கீழ் மவுண்டுக்குள் மரையில் ஏறி இறங்கும்; அதனால் தண்டின் பயணம் குறையாமல் வண்டி தாழும். ஆனால் அதிலும் சக்கரம் மட்கார்டின் உள்வளைவில் இடிக்கும் எல்லை ஒன்று உண்டு, டேம்பருக்குப் பதில் டயர் அதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரட் வண்டிகளை மிகத் தாழ்த்தினால் கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வண்டியின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். தாழ்த்திய பிறகு வண்டி கூடுதலாகச் சாய்கிறதே என்று புலம்புவோர் இதைக் கவனிப்பதில்லை. தட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கையும் தவறு. நேர்விகித ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, வண்டிதான் உயரும்.

கிளிக்குகளைப் பற்றி நான் இப்போது அதிகம் பேசுவதில்லை. ஒரே திருகில் அமுக்கத்தையும் மீள்விரிவையும் சேர்த்து மாற்றும் மலிவு டேம்பர்களில் அந்த முப்பது நிலைகளில் பயன்படுபவை நாலைந்து இருந்தால் அதிகம். அவசரப்பட்டு இறுக்கினால் மீள்விரிவு அளவுக்கு மீறிப்போய், ஒரு மேட்டில் சுருங்கிய ஸ்பிரிங் அடுத்த மேட்டுக்குள் விரிய நேரமின்றி, வண்டி படிப்படியாகக் கீழே அமுங்கிக்கொண்டே போகும். மறுபடியும் பம்ப் ஸ்டாப்தான். காயில்ஓவர் தயாரிப்பாளர்களான கேடபிள்யூவின் வேரியண்ட் 1, பில்ஸ்டைனின் பி14 ஆகியவற்றில் டேம்பிங் மாற்றும் திருகே இல்லை. ஸ்பிரிங்குக்கு ஏற்ற வால்விங்கை (டேம்பருக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளின் அமைப்பை) தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். தெருவுக்கு அது போதும். வேரியண்ட் 3இல் அமுக்கமும் மீள்விரிவும் தனித்தனியாக மாறும், அதைப் பயன்படுத்தப் பொறுமை உள்ளவர் வாங்கட்டும்.

ஜெர்மனியில் இருப்பதால் இன்னொரு வடிகட்டியும் தானாகவே வந்தது. பாகத்துக்குரிய சான்றிதழ் இல்லாமல் சஸ்பென்ஷனை மாற்றினால் சாலையில் ஓட்டும் அனுமதியே கேள்விக்குள்ளாகும். மாட்டிய பிறகு டியூஃப் போன்ற ஓர் ஆய்வு நிறுவனத்தில் காட்டி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து ஆவணத்தில் பதிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனையே என் பட்டியலில் பாதியை அடித்துவிட்டது. மீதியில், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு மரைகளைத் துருவோடு இறுக்கிவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு உடலுக்கு முன்னுரிமை தந்தேன். பில்லோபால் (ரப்பருக்குப் பதில் உலோகக் குண்டு மூட்டு உள்ள) மேல் மவுண்ட் வேண்டாம் என்றும் முடிவு செய்தேன். அது கூர்மையான உணர்வைத் தரும், அதோடு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு டக் சத்தத்தையும் தரும்.

கடைசியில் வாங்கியது திருகு இல்லாத, ரப்பர் மவுண்டுள்ள ஒரு ஜெர்மன் செட். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். முன்பக்கம் 25 மி.மீ. மட்டும் தாழ்த்தினேன். மாட்டும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கிவிடக் கூடாது. வண்டியின் எடை சக்கரங்கள் வழியே தரையில் இறங்கிய நிலையில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், வண்டியும் சரியான உயரத்தில் உட்காராது. முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்.

பழைய டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய ஒன்றைக் கட்டி, அதே தெருக்களில் அதே பத்து நிமிடம் ஓட்டினேன். டை பம்ப் ஸ்டாப்புக்கு 9 மி.மீ. கீழேயே நின்றுவிட்டது.