லயக்கூரையை விடாமல் வரைந்த சேர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்த சித்திர சேர் காலமான செய்தி பழைய மாணவர் குழுவில் வந்த இரவு, டொரோண்டோவிலும் லண்டனிலும் இருந்து பலர் எழுதினார்கள். நல்ல வாத்தியார், பிள்ளைகள் மேல் கை நீட்டாதவர், பரீட்சைக் காசு கட்ட முடியாதவனுக்குத் தன் சம்பளத்தில் கட்டியவர். எல்லாம் உண்மை. ஆனால் அவர் பெரிய நீர்வர்ண ஓவியர் என்று ஒருவரும் எழுதவில்லை. அதற்காகத்தான் நம் சங்கத்தின் மலருக்கு இதை எழுதுகிறேன்.

முதல் பாடத்தில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னார். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, ஆற்றோரம் தென்னை என்று வரைந்து நீட்டினோம். ஹட்டனில் ஏது தென்னை? சேர் ஜன்னலைத் திறந்துவிட்டார். “அந்த மலை தானா வந்ததில்ல தம்பி. ஒங்க பாட்டன் காடு வெட்டி, கல்லு பொறுக்கி, வடிகான் வெட்டி உண்டாக்கினது. அதப் பாத்து வரை.”

அன்றுதான் அன்ட்ரூ நிக்கல் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டோம். பெல்பாஸ்டிலிருந்து 1846இல் வந்து, இன்று ரோயல் கல்லூரியாக இருக்கும் கொழும்பு அக்கடமியில் நிலக்காட்சி ஓவியம் கற்பித்தவர். 1848இல் தீவின் காடுகளூடே பயணம் செய்து நீர்வர்ணத்தில் வரைந்தவர். அவர் படங்களில் தேயிலைத் தோட்டம் இல்லை, இருக்கவும் முடியாது. ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையைத் தோட்டமாகப் போட்டது 1867இல். காலங்காலமாக இருப்பதாக நாம் நினைத்திருந்த பச்சைக்கு நாங்கள் படித்த காலத்தில் நூற்றுச் சொச்சம் வயதுதான். சேரின் ஓவியம் முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்தது என்றே நினைக்கிறேன்.

1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் நல்ல வர்ணம் கடையில் இல்லை. அவரிடம் அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும்தான் எப்போதும் இருக்கும். அந்த இரண்டையும் கலந்தே இளஞ்சாம்பலிலிருந்து கறுப்புக்குக் கிட்டின நிறம் வரை கொண்டுவருவார். அல்ட்ராமரீனின் துகள் தாளின் குழிகளில் தங்கி மணல் மணலாய்த் தெரியும். வட்டவளை மழையை அப்படியேதான் வரைந்தார். வெள்ளை வர்ணத்தைத் தொட விடமாட்டார். மூட்டம் வேண்டிய இடத்தில் தாளைச் சும்மா விடவேண்டும். தேயிலைப் பெட்டிப் பலகையில் நனைத்து ஒட்டிய தாள் ஆடி மாத ஈரத்தில் இலேசில் காயாது. பலகையை அடுப்புத் தணலுக்கு மேலே பிடிப்பார். அதற்குள் மலையின் விளிம்பு மேகத்துக்குள் ஊறிப் போயிருக்கும். அந்த ஊறலைத்தான் அவர் தன் கைவழக்கமாக்கிக்கொண்டார்.

எந்த மலையை வரைந்தாலும் அடியில் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், தகரக்கூரை இருக்கும். கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு அவருடைய பெரிய படத்தைச் சேரோடு நானும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டு போனோம். பொறுப்பானவர் பார்த்துவிட்டு, காட்சி அழகு, அந்தக் கூரைகளை மட்டும் மறைத்துத் தந்தால் முன்வரிசையில் மாட்டலாம் என்றார். எங்கள் முன்னால் வைத்துத்தான் சொன்னார். சேரின் முகம் சிவந்தது. “அத எடுத்தா மலைய யாரு செஞ்சதுன்னு தெரியாம போயிரும்ங்க” என்று சொல்லிப் படத்தைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். ராத்திரிக் கோச்சியில் திரும்பினோம். அதற்குப் பிறகு அவர் கொழும்புக்குப் படம் அனுப்பவில்லை. அந்த அவமானம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவருடைய கண்காட்சி வேறு வழியில் நடந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தம் நம் தோட்டத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று கணக்கெழுதியது. பாஸ்போர்ட் வந்து ஒரு குடும்பம் பயணம் சொல்ல வந்தால், சேர் அவர்களுடைய லயத்துக்கே போய் உட்கார்ந்து தபாலட்டை அளவில் ஒரு படம் வரைந்து கொடுப்பார். வாசல், கோடிப்புறம், பின்னால் சவுக்கு மரம், மேலே மலை. மவுசாக்கலை நீர்த்தேக்கம் மூடுமுன் தான் பார்த்த பழைய மஸ்கெலியா ஊரையும் கேட்டவர்களுக்கு நினைவிலிருந்து வரைந்து தந்தார். அந்தப் படங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், டிரங்குப் பெட்டிகளுக்குள் எங்கெங்கோ சேர்ந்தன. ஒரு ஓவியரின் வாழ்நாள் வேலை இப்படிச் சிதறியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எனக்குப் பின் நீதான் இந்த வகுப்பை எடுக்கணும் என்று சொல்லி, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவமும் அவரே வாங்கி வந்தார். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் அங்கே இருக்கத் தைரியம் வரவில்லை. புறப்பட்டேன். பிழைத்தேன், பிள்ளைகளும் படித்தார்கள். புறப்படாமல் இருந்திருக்க முடியும் என்றும் தோன்றவில்லை. ஆனால் முதல் பூச்சு எந்த அளவு உலர்ந்ததும் இரண்டாவதை வைப்பது என்பது பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுகிற வேலை. அதைப் பழக நம்மில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் இல்லாமல் போனோமே என்ற எண்ணம் வயதாக ஆகக் கூடுகிறது.

கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் உறவுக்காரர் உள்ள தோழர்கள் தயவுசெய்து விசாரியுங்கள். படம் கிடைத்தால் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரச் சுவரும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். போனில் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினால் நான் தொகுத்து வைக்கிறேன். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். தோட்டம், டிவிஷன், லய நம்பர், குடும்பத்தார் பெயர் எல்லாம் அங்கேதான் பென்சிலில் எழுதியிருப்பார்.