255 பைட்டும் அப்பாவும்: ஹார்ட் டிஸ்க் மாற்றிய நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2024, சனி

ஆடிப்பெருக்கு. மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டதால் காவிரியில் இந்த வருடம் தண்ணீருக்குக் குறைவில்லை. வீட்டில் எல்லோரும் படித்துறைக்குக் கிளம்பிப் போனார்கள். எனக்கு மட்டும் அலமாரிக்குக் கீழே இருக்கும் பழைய கணினியோடு வேலை.

இதுதான் எங்கள் வீட்டு மீடியா சர்வர். உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்), படங்களையும் பாட்டுகளையும் டிவியில் காட்டும் ஜெல்லிஃபின், 16 ஜிபி ராம். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். 4 டிபி டிஸ்க், விண்டோஸ் காலத்திலிருந்தே அதன் கோப்பு முறைமையான (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கிறது. 2 டிபி டிஸ்க் லினக்ஸின் எக்ஸ்ட்4. மொத்தம் 4.3 டிபி சரக்கு. அதில் பாதி சினிமா, போனாலும் பரவாயில்லை. மீதி குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள், அப்புறம் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் கேசட்டில் பதிந்து வைத்தவை. அவற்றை ஆறேழு வருடங்களாக ஒவ்வொன்றாக கணினிக்கு மாற்றி, பெயரையும் அப்பாவே உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்.

இன்று 4 டிபி டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். 197ஆம் எண்ணில் 8. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) கணக்கு அது. போன மாதம் 0. கணக்கு 512 பைட் செக்டாரில் காட்டுகிறது, டிஸ்க்கின் உண்மையான செக்டார் 4096 பைட். ஆக, 8 என்றால் உள்ளே பழுதானது ஒரே ஓர் இடம். ஆனாலும் தேங்காய் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. 8 டிபி டிஸ்க் இரண்டு ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்துவிட்டன. வேண்டுமென்றே இரண்டு கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒரே பேட்ச்சில் வந்தவை ஒன்றாகவே சாகும் என்பது என் பயம். இரண்டும் டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகை. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும், அதனால் தொடர்ந்து எழுதும்போது மூச்சு வாங்கும். விலை குறைவு என்று அதில் கை வைக்கவில்லை.

புது டிஸ்க்கில் உடனே டேட்டாவைக் கொட்டும் ஆளில்லை நான். பேட்பிளாக்ஸ் ஓட்டுகிறேன். நான்கு விதமான வடிவங்களை டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துப் பார்க்கும் நிரல். முதலில் ஓட்டியதும் முகத்தில் அடித்த மாதிரி ஒரு பிழை: மதிப்பு மிகப் பெரியது. பிளாக் எண்ணிக்கையை 32 பிட்டுக்குள் வைத்துக்கொள்ளும் பழைய நிரல் அது. 1024 பைட் பிளாக்காக எண்ணினால் 8 டிபி அதற்குள் அடங்காது. பிளாக் அளவை 4096 என்று கொடுத்தேன், ஓட ஆரம்பித்தது. எட்டு சுற்று. ஐந்து நாள் ஆகும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இரண்டாவது டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண், அதாவது கணினிக்கும் டிஸ்க்குக்கும் இடையே டேட்டா போகும்போது வந்த பிழைகளின் கணக்கு, 0இலிருந்து 37. நெஞ்சு திக்கென்றது. ஆனால் 199 பொதுவாக டிஸ்க்கின் நோய் அல்ல, கேபிளின் நோய். திறந்து பார்த்தால் சாட்டா கேபிளின் முனை லேசாக வெளியே வந்து தொங்குகிறது. பூட்டு நாக்கு உடைந்த பழைய கேபிள். வேறு கேபிள் மாட்டியதும் 37லேயே நின்றுவிட்டது. இந்த எண் திரும்ப 0 ஆகாது, டிஸ்க் சாகும்வரை 37 என்றுதான் காட்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டு டிஸ்க்கும் பாஸ். ஒரு பிளாக்கும் கெட்டதில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

எந்தக் கோப்பு முறைமை என்பதில் எனக்குள் ஒரு வாரமாகப் பட்டிமன்றம். எக்ஸ்ட்4 போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று ஒரு மனம். ஆனால் எக்ஸ்ட்4 கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம், அதாவது பழுதைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், வைப்பதில்லை. ஒரு படத்தில் நாலு பிட் புரண்டு போனால் யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்துத் திறக்கும்போது பாதி முகம் பச்சையாக இருக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொன்று லினக்ஸின் மையமான கெர்னலோடு வருகிறது, செக்சம் உண்டு, ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும் இரண்டு டிஸ்க் கண்ணாடிக்கு அது போதும். கடைசியில் இசட்எஃப்எஸ்தான் எடுத்தேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ அஹ்ரென்ஸ் கூட்டணி 2001இல் ஆரம்பித்தது இது. 2005இல் மூலநிரல் வெளியானது. உரிமச் சிக்கலால் இன்றுவரை லினக்ஸ் கெர்னலுக்குள் சேரவில்லை, உபுண்டு துணிந்து கூடவே தருகிறது. எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். ஒவ்வொரு பிளாக்கின் செக்சமும் அந்த பிளாக்கோடு இருக்காது, அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் இருக்கும். படிக்கும்போது கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அடுத்த டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் சத்தமில்லாமல் திருத்திவிடும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பூல், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்த ஒரே சேமிப்பிடம், கட்டியாகிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் கண்ணாடியாக. இதில் சில விஷயங்கள் பிறக்கும்போதே தலையில் எழுதப்பட்டவை, பிறகு மாற்ற முடியாது. ஆஷிஃப்ட் 12 அதில் ஒன்று. இரண்டின் 12ஆம் அடுக்கு, அதாவது 4096 பைட் செக்டார். அப்புறம் டிஸ்க்குகளை லினக்ஸ் வரிசையாக வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் சொல்லாமல் சீரியல் எண்ணோடு வரும் நீண்ட பெயரால் சொன்னேன். கேபிளை மாற்றி மாட்டினால் எஸ்டிஏ நாளைக்கு எஸ்டிசி ஆகிவிடும்.

வீடியோவுக்குப் பூலுக்குள் தனி டேட்டாசெட் (தனி அமைப்புகள் கொண்ட பிரிவு), ரெக்கார்டு அளவு, அதாவது ஒரு பிளாக்கின் அதிகபட்ச அளவு, 1 எம்பி. படங்களுக்கு ஒன்று, அப்பாவின் கேசட்டுகளுக்கு ஒன்று. பழைய பாதையிலேயே இவற்றை மவுண்ட் செய்யப் (இணைக்கப்) போகிறேன். பாதை மாறினால் ஜெல்லிஃபின் ஒவ்வொரு கோப்பையும் புதுசாக வந்தது என்று நினைத்துக்கொள்ளும், யார் எதை எதுவரை பார்த்தோம் என்பதெல்லாம் போய்விடும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. நேற்று இரவு பழைய டிஸ்க்கை எழுத முடியாதபடி மவுண்ட் செய்து, கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க்கை ஓட விட்டேன். வீடியோ 2.6 டிபி, ஆறு மணி நேரத்தில் முடிந்தது. ஒரே ஒரு கோப்பில் உள்ளீட்டுப் பிழை. எங்கள் கல்யாண வீடியோ. நிலுவையில் நின்ற செக்டார் அதில்தான் இருக்கிறது. சரி, பிறகு பார்ப்போம்.

கேசட் அடைவுக்கு வந்ததும்தான் உண்மையான வேலை தொடங்கியது. வரிசையாகப் பிழை எண் 36: பெயர் மிக நீளம். மொத்தம் 41 கோப்புகள்.

அப்பா ஒரு பெயரை எப்படி வைப்பார் என்பதற்கு ஒன்று:

1984 கார்த்திகை பெரிய அத்தை வீட்டு மாடியில் பாட்டி பாடியது நடுவில் கரண்ட் போனதால் பாதியில் நிற்கும் பின்பக்கம் சிலோன் ரேடியோ செய்திகள்

கேசட் அட்டையில் பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார். கோப்பின் பெயர் என்றால் அவருக்கு அட்டைதானே. என்டிஎஃப்எஸ்ஸில் இது பிரச்சினை இல்லை. அங்கே ஒரு பெயருக்கு 255 யுடிஎஃப்-16 (எழுத்துகளை எண்களாக்கும் முறைகளில் ஒன்று) அலகுகள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஓர் அலகு, புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனி. எண்ணிப் பார்த்தேன், கடைசிப் புள்ளியும் நான்கெழுத்து நீட்சியும் (.flac) சேர்த்து 139. தாராளமாக இடம் இருக்கிறது. லினக்ஸ் பக்கம் எக்ஸ்ட்4 ஆனாலும் நான் போட்டிருக்கும் இசட்எஃப்எஸ் 2.2 ஆனாலும் கணக்கு 255 பைட். அங்கே வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அப்பாவின் பெயர் 367 பைட். முழுக்கத் தமிழில் எழுதினால் 85 குறியீடுகளோடு கதை முடிந்தது. ஸ்ரீரங்கம் என்று எழுதவே 30 பைட் போய்விடும், அதில் ஸ்ரீ மட்டும் 12. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவனுக்கு 255 எழுத்து, நமக்கு 85.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"கொஞ்சம் சுருக்கணும்பா. 41 தான்."

"எதைச் சுருக்குவ? கரண்ட் போனதையா?"

"அதை உள்ள எங்கயாவது எழுதி வைக்கலாம்."

"வெளிய தெரியாம உள்ள எழுதி என்னடா பிரயோஜனம்?"

பதில் இல்லை என்னிடம்.

ஆகஸ்ட் 17, சனி

பதில் கிடைத்தது. அந்த ஒலிக்கோப்புகள் ஃபிளாக் வகை. அதற்குள் தலைப்பு என்று ஒரு இடம் உண்டு, அங்கே இந்த 255 கணக்கெல்லாம் கிடையாது. 41 கோப்புகளின் முழுப் பெயரையும் அந்தத் தலைப்பில் எழுத ஒரு சின்ன நிரல். வெளிப் பெயர் மட்டும் "1984 கார்த்திகை பாட்டி பாடியது" என்று குட்டையாக. ஜெல்லிஃபின் திரையில் காட்டுவது உள்ளே இருக்கும் தலைப்பைத்தான். எதை வெட்டலாம் என்று அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். 41க்கும் இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வந்ததால் அவ்வளவு நேரம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

படங்கள். "கொடைக்கானல் 2011" என்று இரண்டு அடைவுகள், ஒரே இடத்தில், அச்சு அசலாக ஒரே பெயர். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாது என்று பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும். பைட்களைப் பிரித்துப் பார்த்ததும் புரிந்தது. ஒன்றில் கொ என்பது ககரமும் ஒற்றைக் குறியாக ஒகரமும். இன்னொன்றில் ககரம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என மூன்று துண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவது மச்சானின் மேக்கிலிருந்து வந்தது. அதன் பழைய கோப்பு முறைமை எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். பத்து வருடமாகத் தேடலில் கொடைக்கானல் என்று அடித்தால் பாதிப் படங்கள்தான் வந்துகொண்டிருந்தன, காரணம் இன்றுதான் தெரிகிறது.

இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு மருந்து உண்டு. நார்மலைசேஷன் என்ற அமைப்பை வைத்தால் இரண்டு எழுத்து முறையையும் ஒன்றாகப் பார்க்கும். ஆனால் இதுவும் டேட்டாசெட் பிறக்கும்போதே வைக்க வேண்டியது. 600 ஜிபி ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. அழித்தேன். மறுபடி கட்டினேன். இந்த முறை மச்சானின் அடைவை வேறு பெயரில் ஏற்றினேன். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் ஒரே எண் கொண்ட படங்கள் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கேமரா எல்லாம் 0001இல்தானே ஆரம்பிக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று அலட்சியமாக ஆர்சிங்க்கை ஓடவிட்டிருந்தேன். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. பின்னால் இருக்கும் சுவிட்சை யாரோ யுபிஎஸ் மோடிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத் தாமதம் மின்விசிறிக்கு ஒன்றுமில்லை, கணினி அணையப் போதும். பூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழையதன்மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் சுட்டியை மாற்றுவதால் பாதி எழுதிய நிலை என்று ஒன்று அதற்கு இல்லை. ஆர்சிங்க்கும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. சுவிட்சின்மேல் செல்லோடேப் ஒட்டினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கல்யாண வீடியோ. பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூ அந்த ஒரு செக்டாரைப் பலமுறை முட்டிப் பார்த்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது. போனது 4096 பைட். அந்த இடத்தில் பூஜ்யங்கள். டிவிடியிலிருந்து எடுத்த எம்பெக்-2 என்பதால் அரை நொடிக்குத் திரை கட்டம் கட்டமாக உடைந்து, உடனே சரியாகிறது. பந்தி நடக்கும் இடம். மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"ஏங்க, உங்க பெரியப்பா ரசம் வரலைன்னு கத்தினது இருக்கா?"

இருந்தது. ஒரு பிட் குறையாமல்.

ஆகஸ்ட் 24, சனி

செக்சம் வைத்து எல்லாவற்றையும் பழையதோடு ஒப்பிட்டேன், வேறுபாடு நமக்குத் தெரிந்தவை மட்டுமே. பிறகு ஸ்க்ரப், அதாவது பூலில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது. எட்டு மணி நேரம், பிழை 0. காலியான 2 டிபி டிஸ்க்கையும் இசட்எஃப்எஸ் ஆக்கி, கேசட்டுகளையும் படங்களையும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் மாறாத பதிவு) எடுத்து அதற்கு அனுப்பினேன். கண்ணாடி என்பது டிஸ்க் சாவதற்குத்தான் காப்பு. தவறுதலாக நானே அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

மாலையில் அப்பா டிவியில் ஜெல்லிஃபினைத் திறந்தார். 41 கோப்புகளின் பெயர் மாறியதால் அவர் போட்டு வைத்திருந்த இதயக் குறிகள் அவற்றில் மட்டும் காணோம். அவர் போட்டது பெரும்பாலும் அவற்றில்தான். ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டால் ஒவ்வொன்றாக மறுபடி போட்டார். பட்டியலில் பாட்டி பாடியதன் தலைப்பு "1984 கார்த்திகை பெரிய அத்தை வீட்டு..." என்று மூன்று புள்ளிகளோடு நின்றது. உள்ளே போனால் முழுசும் வருகிறது என்று காட்டினேன். தலையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பழைய 4 டிபி டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அது பீரோவில், புது டிஸ்க் வந்த உறைக்குள். வெள்ளைத் தாள் ஒட்டி மார்க்கரில் அப்பாவின் பொடி எழுத்து. முன்பக்கத்தில் இடம் போதாமல் ஓரம் வழியாகத் திரும்பிப் பின்பக்கம் வரை போயிருந்தது:

2024 ஆவணி கழற்றிய டிஸ்க் கல்யாண வீடியோவில் பந்தி இடத்தில் மட்டும் அரை செகண்ட் பழுது மற்றபடி நல்லது கேசட் எல்லாம் இதில் முழுப் பெயரோடு இருக்கிறது தூக்கிப் போட வேண்டாம்