ஆர் மிகும் இடங்கள்

ஜூன் 9, திங்கள், சேலம்

நர்சிங், மெடிக்கல் கோடிங் (நோய்க் குறிப்புகளுக்குக் குறியீடு போடும் வேலை) படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வாரம் ஆங்கிலத்தில் ஆர்-ஆர்-ஹெச் சேர்ந்து வரும் மருத்துவச் சொற்கள். முதலில் டயரியா, அதாவது வயிற்றுப்போக்கு. 9 எழுத்து: டி-ஐ-ஏ-ஆர்-ஆர்-ஹெச்-ஓ-ஈ-ஏ. தப்பு மூன்று இடத்தில் விழுகிறது. ஓர் ஆர் காணாமல் போகும், ஹெச் விடுபடும், கடைசியில் ஓ-வும் ஈ-யும் இடம் மாறும். நூறு தடவை எழுதிப் பார்த்தாலும் இது தீராது. பள்ளியில் பகுபதம் பிரித்த மாதிரி பிரித்தால் தீரும். கிரேக்கத்தில் டயா என்றால் ஊடே. பின்பாதியின் வேருக்கு ஒழுகுதல் என்று பொருள்.

இரண்டு ஆர் எதற்கு? பலாவும் பழமும் சேர்ந்தால் பலாப்பழம். நடுவில் ப் மிகாவிட்டால் நம் காதே ஏற்காது. கிரேக்கத்தில் அந்த வேலையை ஆர் செய்கிறது. சொல்லின் முதலில் வரும் ஆரை மூச்சோடு சொல்வார்கள். அந்த மூச்சுதான் ஹெச். ரிதம், ரூமேட்டிசம் எல்லாம் ஆர்-ஹெச் என்று தொடங்குவது இதனால்தான். முன்னால் உயிரெழுத்தில் முடியும் சொல் வந்து ஒட்டினால் ஆர் இரட்டிக்கும், ஹெச் அதன் பின்னால் நிற்கும். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகப் புரியும் விதி வேறு இல்லை.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குக் கோடிங் செய்பவர்கள் இந்தச் சொல்லில் ஓ-வை விட்டுவிட வேண்டும், 8 எழுத்துதான். ஆர்-ஆர்-ஹெச் அங்கேயும் மாறாது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று விகுதிகள். ஒழுகினால் ரியா, உடைந்து பீறிட்டால் ரேஜ், கிழிந்தால் ரெக்சிஸ், தைத்தால் ராஃபி. நான்கும் ஆர்-ஆர்-ஹெச் போட்டுத்தான் ஒட்டும்.

ஹெமரேஜ், ஹெமராய்ட் இரண்டையும் பிரிட்டிஷ் முறையில் பலகையில் மேலும் கீழுமாக எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 11 எழுத்து. முதல் 8 எழுத்து அப்படியே ஒன்று: ஹெச்-ஏ-ஈ-எம்-ஓ-ஆர்-ஆர்-ஹெச். அதற்குப் பிறகு ஏ-ஜி-ஈ வந்தால் ரத்தக்குழாய் உடைந்த ரத்தப்போக்கு. ஓ-ஐ-டி வந்தால் மூல நோய். அவசரத்தில் சொல்லின் தலையை மட்டும் படிக்கும் கண் இங்கே ஏமாறும். வாலைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

ஹெர்னியோராஃபி 13 எழுத்து, குடலிறக்கத்தைத் தைத்து மூடுவது. டாக்டர் சொல்லிப் பதிவு செய்யும் டிக்டேஷனில் ராஃபி என்பது கிராஃபி என்று காதில் விழுவது சகஜம். கிராஃபி என்றால் படம் பிடிப்பது. ஒன்று ஆபரேஷன், இன்னொன்று பரிசோதனை. சந்தேகம் வந்தால் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்கத்தான் வேண்டும், ஊகிக்கக் கூடாது.

ஜூன் 11, புதன்

விதி கைக்கு வந்த மறுநாளே ஏமாற்றுச் சொற்களையும் காட்டிவிடுவது நல்லது. சிரோசிஸ், கல்லீரல் சுருங்கி இறுகும் நோய். ஆர்-ஆர்-ஹெச் இருக்கிறது, ஒழுக்கு இல்லை. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்துக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லிலிருந்து வந்தது. நோயுற்ற கல்லீரலின் நிறத்தைப் பார்த்து 1819இல் இப்படிப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். 1816இல் ஸ்டெதஸ்கோப்பைச் செய்தவரும் அவர்தான்.

இன்னொன்று மிர், ஒரு மரப்பிசின். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் வெள்ளைப்போளம் என்று எடுத்துத் தருவார்கள். எழுத்து கிரேக்கச் சாயல், வேர் செமிட்டிக்; கசப்பு என்று பொருள். வாயில் ஒரு துணுக்கு வைத்தாலே அந்தப் பொருள் தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

சொல்லின் இரண்டு பகுதிகளை இணைத்து நடுவில் நிற்கும் ஓ. மரம் மரத்தை ஆகும்போது அத்து வருகிறதே, அதுபோல இது ஒரு சாரியை. உயிர் வந்தால் ஓடிவிடும்: வரகு, அரிசி சேர்ந்து வரகரிசி ஆவதுபோல, கேஸ்ட்ரோவும் ஐடிஸும் சேர்ந்தால் கேஸ்ட்ரைடிஸ், இரைப்பை அழற்சி. ஆனால் இரண்டு உறுப்புகளை இணைக்கும்போது, அடுத்து உயிர் வந்தாலும் ஓ பெரும்பாலும் போகாது: கேஸ்ட்ரோஎன்டரைடிஸ், 15 எழுத்து, இரைப்பையும் குடலும். இந்த ஓ-வை விழுங்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

ஜூன் 15, ஞாயிறு, ஏற்காடு

தூறல். தொட்டியில் ஆன்டிரைனம் பூத்திருக்கிறது. பூவை இரண்டு விரலால் பக்கவாட்டில் அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஆன்டி என்றால் இங்கே போன்றது, ரைன் என்றால் மூக்கு. மூஞ்சிபோல இருக்கும் பூ. உயிருக்குப் பின் ஆர் மிகுந்திருக்கிறது.

அதே மூக்கு ஓட்டோரைனோலாரிங்காலஜியிலும் உண்டு, 19 எழுத்து. காது, மூக்கு, தொண்டை மருத்துவம். இங்கே ரைனோவுக்கு முன்னால் ஆர் இரட்டிக்கவில்லை, ஓர் ஆர்தான். இக்கால மருத்துவர்கள் உறுப்புப் பெயர்களை வரிசையாகக் கோத்துக் கட்டிய சொல், பழைய புணர்ச்சி இதில் ஏறவில்லை. விதிவிலக்காகத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஜூன் 16, திங்கள், சேலம்

ஹைப்பர் கூடுதல், ஹைப்போ குறைவு. சொல்லின் கடைசியில் வரும் ஈமியா ரத்தம். இவை தெரிந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ஹைப்பர்கலீமியா, ஹைப்பர்கால்சீமியா. முதலாவது கே, பிரிட்டிஷ் முறையில் 13 எழுத்து. பொட்டாசியத்தின் லத்தீன் பெயர் காலியம். இரண்டாவது சி, 14 எழுத்து. இது கால்சியம், லத்தீனில் சுண்ணாம்புக்கு உள்ள பெயரிலிருந்து வந்தது. பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும். அந்த நிலைக்குப் பெயர் அரித்மியா: இன்மையைச் சொல்லும் அ, அதோடு ரிதம். ஏ-ஆர்-ஆர்-ஹெச். இங்கேயும் ஆர் மிகுகிறது.

காதை மட்டும் நம்பாமல் லேப் சீட்டின் எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை, லிட்டருக்கு. கால்சியம் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை, டெசிலிட்டருக்கு. சீட்டில் 6.2 என்று இருந்து டாக்டர் ஹைப்பர் என்று சொல்லியிருந்தால், எழுத வேண்டியது கே.