உதிர்ந்த பூ காட்டிய கிளை

டோக்கியோவின் எதோகாவா வட்டத்தில், இந்தியக் குடும்பங்கள் மிகுந்த நிஷி கசாயில் குடியேறிய முதல் வசந்தத்தில், எல்லோரையும் போல நானும் சகுரா எனப்படும் செர்ரி மரங்களை எட்ட நின்று படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், நேரில் பளிச்சென்று இருந்த பூக்கள் சாம்பல் பூசியவை போல மங்கிக் கிடந்தன. வெளிர்நிறம் படத்தை நிறைக்கும்போது கேமரா அதை மட்டுக்கு மீறிய வெளிச்சமென்று எண்ணி இருட்டாக்கிவிடும் என்பதும், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, ஒரு படி வரை கூட்டிவைக்க வேண்டும் என்பதும் புரிவதற்குள் பருவம் முடிந்துவிட்டது.

இங்கே பருவம் என்பது சில நாட்கள்தான். ஊரெங்கும் நட்டிருக்கும் சோமேய் யோஷினோ ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்ட வகை. மரபணு ஒன்றேயாதலால் ஒரு வட்டாரத்து மரங்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து பூத்துச் சேர்ந்தே கொட்டுகின்றன. யசுகுனி கோயிலில் உள்ள அடையாள மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் வானிலை நிறுவனம் பூப்பை அறிவிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் மரம் நிறைந்துவிடும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கத் தயங்குகிறவனுக்கு எதுவும் மிஞ்சாது.

மறு ஆண்டு, கிளைகள் தரையைத் தொடுமளவு தாழ்ந்திருக்கும் செதாகாயாவின் கினுதா பூங்காவில், டிரைபாடோடு நின்ற முதியவர் ஒருவர் என் கேமரா அண்ணாந்தே இருப்பதைக் கண்டு, “கீழே பாருங்கள்” என்றார். புல்லின்மேல், இதழ் கலையாத முழுப் பூக்கள் காம்பில்லாமல் கிடந்தன. காற்று உதிர்த்தால் இதழ் இதழாக விழும். முழுப் பூ விழுந்தால் நேர் மேலே பறவை இருக்கிறது என்றார். நான் கற்ற படப்பிடிப்புப் பாடங்களில் இதற்கு ஈடானது வேறில்லை.

எல்லாப் பறவையும் அப்படி முழுப் பூவை உதிர்ப்பதில்லை; மெஜிரோ உதிர்க்காது. நம்மூர் வெள்ளைக்கண்ணிக்கு உறவான அந்தப் பச்சைக் குருவி, தலைகீழாகத் தொங்கியபடி, தூரிகை போன்ற நாக்கால் பூவுக்கு நோகாமல் தேனெடுத்து, முகமெல்லாம் மகரந்தத்தோடு நகரும். குறும்புக்காரி சிட்டுக்குருவிதான். திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல் கன்னத்தில் கருந்திட்டு உள்ள இந்நாட்டுச் சிட்டின் குட்டை அலகு தேன்வரை எட்டாது. ஆகவே பூவை அடியோடு கிள்ளி, அடிப்பக்கத்தைக் கடித்துச் சப்பிவிட்டுக் கீழே போடுகிறது.

அன்று இன்னொரு குரலும் கேட்டது. “கீ, கீ” என்ற அந்தக் கூச்சலுக்கு என் கழுத்து தானாகத் திரும்பியது. இளஞ்சிவப்புக் கொத்துகளுக்குள் பச்சைக்கிளிகள்! வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டுக் கூண்டிலிருந்து தப்பிய கிளிகளின் வழிவந்தவை, 1960களிலிருந்து இந்நகரில் வாழ்கின்றன. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய கிளையினம். சிட்டைவிட மோசமாகப் பூக்களைக் கொய்து எறிந்துகொண்டிருந்தன. படத்தை அனுப்பியதும் அம்மா தொலைபேசியில், “கம்பங்கொல்லையில் விரட்டியது போதாதென்று இதற்காகவா ஜப்பான் போனாய்?” என்றார்.

அதன் பிறகு முழுப் பூக்கள் கிடக்கும் இடமாகத் தேடி, சூரியனை எதிரில் வைத்து, அருகிலுள்ள கொத்தொன்றை லென்ஸுக்கு முன்னே மங்கலான திரைபோல விட்டு, ஷட்டரை 1/2000 நொடியில் நிறுத்திக் காத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் எடுத்ததில் தேறியது ஒன்றே: அலகிலிருந்து நழுவிய பூ, ஐந்து இதழும் விரிந்தபடி பாதி வழியில் நிற்கிறது, சிட்டு அதற்குள் அடுத்த பூவுக்குக் கழுத்தை நீட்டிவிட்டது.