எழுந்திருக்கும்போது சொல்லும் விஷயம்

மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். எல்லாம் பேசி முடித்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதுதான் இன்னொன்று வெளியே வரும். "எங்களுக்குள்ள அதெல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சு மேடம்." உடலுறவைத்தான் சொல்கிறார்கள். அவர்களை மறுபடி உட்காரச் சொல்வேன்.

உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்புதான் அவர்களைப் பாதி வாட்டுகிறது. அதனால் முதலில் சில கணக்குகளைச் சொல்வேன். பிரிட்டனின் தேசிய ஆய்வு ஒன்றில், 16 முதல் 44 வயது வரையிலானவர்களில், கடந்த ஒரு மாதமாக உடலுறவே இல்லை என்றவர்கள் 2001 வாக்கில் பெண்களில் 23 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். 2012 வாக்கில் இரு தரப்பிலும் 29 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் 2015-ல் எடுத்த கணக்கெடுப்பில், 18 முதல் 34 வயது வரையிலான திருமணமாகாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானோர் உடலுறவு அனுபவமே இல்லை என்றார்கள். இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாக மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் என்று வந்தால் எல்லோரும் செல்போனைத்தான் கைகாட்டுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அமெரிக்காவில் 18 முதல் 24 வயது ஆண்களில், ஓராண்டாக உறவே இல்லாதவர்கள் 2000-02-ல் 19 சதவீதம்; 2016-18-ல் 31 சதவீதம். அதே ஆய்வில் வேலையில்லாத, வருமானம் குறைந்த ஆண்களிடம்தான் இது கூடுதலாகத் தெரிந்தது. நாளைய பிழைப்பு பற்றிய பயத்தோடு ஒருவர் எப்படி இன்னொருவரிடம் நெருங்குவார்? தம்பதிகளிடம் நான் அதிகம் கேட்பது அசதி, ஷிப்ட் வேலை, நடுவில் தூங்கும் குழந்தை, பேசித் தீர்க்காத பழைய கோபம்.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது, உடல்நலக் காரணத்தை மனசின் குறையாக எண்ணி விலகிப்போகிறவர்கள்தான். ஒரு தம்பதி. கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட், அதாவது ரத்தக் குழாய் அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கும் சின்னக் குழாய், வைத்திருந்தது. அன்றிலிருந்து தனித்தனி அறை. மனைவிக்குப் பயம்: "அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" கணவரோ, "இனிமே நான் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாளோன்னு நினைச்சேன்" என்றார். ஒரே வீட்டில் இருந்தும் அதுவரை இருவரும் இதை ஒருவரிடம் ஒருவர் கேட்டதே இல்லை. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை, இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அப்புறம், நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு ஆணுறுப்பு விறைப்புக்கான மாத்திரையைச் சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதையும் சொன்னேன். மனைவி அதை அங்கேயே எழுதிக்கொண்டார்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். சர்க்கரை நோய் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் பாதித்து விறைப்பைக் கெடுக்கும். பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்ணுறுப்பு வறட்சியால் உறவின்போது வலி வரும். வலிக்கும் என்று தெரிந்தால் உடம்பு தானாக விலகும். இவற்றில் பலவற்றுக்கு வழி இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடமே மாற்று கேளுங்கள் என்பேன். ஆனால் கேட்பவர்கள் குறைவு. 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 50 வயதுக்குப் பிறகு இது பற்றி டாக்டரிடம் பேசியவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 22 சதவீதம்தான். இதில் நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை அளவைக் கேட்கும் டாக்டர் இதையும் ஒரு வரி கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆசையே எழாதவர்கள் உண்டு. அவர்களுக்கு அது இயல்பு. துணையை இழந்தபின் வேண்டாம் என்று இருப்பவர்கள் உண்டு. இப்படி இருப்பதால் மனவேதனை இல்லையென்றால் அதை நோயாகக் கணக்கில் எடுக்க முடியாது. ஊர் என்ன நினைக்கும் என்பதற்காகச் சிகிச்சை கேட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் பொறுமையாக விளக்குகிறேன். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அப்படியே இருங்கள். ஒருவருக்கு மட்டும்தான் சம்மதம் என்றால், அடுத்த முறை இருவரும் சேர்ந்து வாருங்கள்.