கட்டைவிரல் எந்தப் பக்கம் பாக்குது

இடுப்பு எக்ஸ்ரேன்னு சீட்டு வந்தா நான் மொதல்ல பாதத்ததான் பாப்பேன். ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கறவங்களோட ரெண்டு பாதமும் மேல பாத்துட்டு இருக்கா, இல்ல ஒண்ணு மட்டும் வெளிப்பக்கமா சாஞ்சு கெடக்கா, அந்தக் கால் இன்னொன்ன விட குட்டையா தெரியுதா. அப்படி இருந்தா தொடை எலும்போட கழுத்து (இடுப்பு மூட்டுக்குள்ள இருக்கற உருண்டை மண்டைய தொடை எலும்போட சேக்கற குறுகலான பகுதி) ஒடஞ்சு வெலகியிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. தர்மபுரி பக்கம் 14 வருஷமா எக்ஸ்ரே ரூம்லயே இருக்கேன், மாசி பங்குனி வந்தா புளியமரத்துலேந்து விழுந்தவங்க, மழைக்காலம்னா பாத்ரூம்ல வழுக்குன ஆயாங்க, தொப்பூர் கணவாய்ல அடிபட்டவங்க வருஷம் முழுக்க.

அந்தக் கழுத்து நேரா பக்கவாட்டுல போற எலும்பு இல்ல, சுமாரா 15 டிகிரி முன்பக்கமா திரும்பியிருக்கும். அதனால சும்மா மல்லாக்க படுக்க வச்சு எடுத்தா கழுத்து சுருங்கிப் போய் குட்டையா விழும், அதுலயே ஒரு மெல்லிசான கோடு இருந்தா மறைஞ்சிடும். ரெண்டு காலயும் 15 டிகிரி உள்பக்கமா திருப்பி வச்சாதான் முழு நீளமும் கெடைக்கும். "ரெண்டு கட்டைவிரலும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கற மாதிரி வைங்க ஆயா"ன்னு சொன்னா டக்குனு புரிஞ்சுக்குவாங்க. சரியா திரும்புச்சான்னு படத்துலயே தெரியும், தொடைக்கு உள்பக்கம் லெஸ்ஸர் ட்ரோகேன்டர்னு ஒரு சின்ன முண்டு இருக்கு, அது பெருசா துருத்திட்டு நின்னா கால் வெளிய திரும்பிக் கெடந்திருக்குன்னு அர்த்தம். ஆனா ஒடஞ்சிருக்குமோன்னு சந்தேகம் இருக்கற கால தொட்டுத் திருப்பவே கூடாது. எந்த வயசானவங்கள பாத்தாலும் அந்த சந்தேகம்தான் இருக்கு, அங்கதான் எங்க வேலயோட கஷ்டமே.

இன்னொரு விஷயம் துணி. இடுப்புப் படம்னா பாவாட நாடாவ தளர்த்தணும், அருணாக்கொடி, அதுல தொங்கற தாயத்து, கொக்கி, பின்னூசி எல்லாம் எடுக்கணும், வலியில இருக்கற மனுஷிகிட்ட இத கேக்கறதுக்கே ஒரு பக்குவம் வேணும். நான் மொதல்ல கதவ சாத்தி தாப்பா போட்டத அவங்க கண்ணால பாக்க வைப்பேன், அப்புறம் மேல ஒரு போர்வைய போத்திட்டு அதுக்குள்ளேயே கை விட்டு நாடாவ அவுப்பேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு அவசரப்படவே கூடாதுன்னு புதுசா வர்ற பசங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

பென்னாகரம் பக்கத்துலேந்து ஒரு ஆயா, எழுவது தாண்டியிருக்கும், மாட்டுக்கு தண்ணி காட்டப் போய் சறுக்கி உக்காந்துட்டாங்க. நான் வேலைக்கு சேந்த மூணாவது வருஷம், அப்ப இருந்தது வேற எடம். பேரன் தோளப் புடிச்சுகிட்டு நடந்தே வந்தாங்க. மடியில சுருக்குப்பை, குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க, வெளிய முப்பது பேர் நிக்கறாங்க, சரின்னு மேல தள்ளி விட்டுட்டு எடுத்தேன், படத்துல இடுப்பெலும்பு மேல ஏழு ரூபா காசும் பாக்குவெட்டியும் பளிச்சுனு விழுந்துடுச்சு. திரும்ப எடுத்தேன். திரும்ப எடுத்ததுல காசு இல்ல, ஆனா கால் வெளிய திரும்பி இருந்துச்சு, அந்த முண்டு இவ்ளோ பெருசா தெரிஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டும் ஏற்கனவே ரெண்டு தடவ ஆயிடுச்சேன்னு அனுப்பிட்டேன், பக்கவாட்டுப் படமும் எடுக்கல. டூட்டி டாக்டர் முறிவு எதுவும் தெரியலன்னு மாத்திரை எழுதிக் குடுத்தார்.

அந்தப் படத்துல இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. எங்க மாவட்டத்து வயசானவங்க சில பேரோட இடுப்பெலும்பு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ள வெளேர்னு விழும், உள்ள வலை மாதிரி ஓடற கோடெல்லாம் மங்கிடும், தசைநார் ஒட்டற எடமெல்லாம் கல்லாகி முள்ளு மாதிரி நீட்டிட்டு இருக்கும். எல்லாம் போர்வெல் தண்ணியில இருந்த ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு அளவு இருக்கு. இதுக்காகவே தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் ஜப்பான் கடனுதவியோட வந்துச்சு, 2008ல அடிக்கல், 2013ல தண்ணி. ஆனா அதுக்கு முன்னாடி முப்பது நாப்பது வருஷம் குடிச்ச தண்ணி எலும்புலயே தங்கிடுச்சே. வெள்ளையா கெட்டியா தெரியுதேன்னு அத பலமான எலும்புன்னு நெனச்சிடக் கூடாது, அதுவும் ஒடையும், அதுக்குள்ள முறிவுக் கோட்ட தேடறதுதான் பெரும்பாடு.

பதினஞ்சு நாள் கழிச்சு ஆயாவ ஆட்டோவுலேந்து தூக்கிட்டு வந்தாங்க. இடது பாதம் முழுசா வெளிய சாஞ்சு கெடந்துச்சு. இந்த தடவ யார் பாத்தாலும் தெரியற முறிவு, கழுத்தோட உள்விளிம்புலேந்து வளைஞ்சு போற ஷென்டன் கோடு (லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில இருந்த எக்ஸ்ரே டாக்டர் பேரு அது) ரெண்டா அறுந்து நின்னுச்சு. மொத நாளே அது ஒண்ணுக்குள்ள ஒண்ணு குத்தி நின்ன முறிவா இருந்திருக்கணும், அதனாலதான் நடக்க முடிஞ்சிருக்கு. அப்பவே தெரிஞ்சிருந்தா ஸ்க்ரூ போட்டே முடிச்சிருப்பாங்க. வெலகிட்டா தொடை எலும்போட அந்த உருண்டை மண்டைக்குப் போற ரத்த ஓட்டம் அறுந்து போயிடலாம், அதனால மண்டையவே எடுத்துட்டு உலோக உருண்டை வச்சாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

அதுலேந்து வயசானவங்க கீழ விழுந்துட்டேன், கவட்டையில வலிக்குதுன்னு வந்தா, நடந்தே வந்திருந்தாலும் ஒரு படத்தோட விட மாட்டேன். நல்ல கால மடக்கித் தூக்கி ஸ்டூல் மேல வச்சுட்டு, அடிபட்ட பக்கத்துல படம் பதியற கேசட்ட நட்டக்குத்தலா எலும்புக் கழுத்துக்கு இணையா சாய்ச்சு நிறுத்தி, ட்யூப படுக்கையா திருப்பி குறுக்கால எடுப்பேன், வலிக்கற கால் அசையவே வேண்டாம். கால் நிக்கலன்னா கூட வந்தவர்ல ஒருத்தர புடிக்கச் சொல்லுவேன், ஈயம் வச்ச லெட் ஏப்ரன் போட்டுதான், மாசமா இருக்கற மருமகள கண்டிப்பா வெளிய அனுப்பிட்டுதான். அதுலயும் எதுவும் தெரியல ஆனா காலூன்ற முடியலன்னா நானே போய் எலும்பு டாக்டர்கிட்ட சொல்லிடுவேன், எம்ஆர்ஐலதான் தெரியற முறிவும் இருக்கு. வெளிய வரிசை கத்தும், கத்தட்டும்.

ஆயா ஆறு மாசம் கழிச்சு செக்கப் படத்துக்கு வாக்கர் தள்ளிகிட்டு வந்தாங்க. "அன்னிக்கு நான் இன்னொரு படம் எடுத்திருக்கணும் ஆயா, எடுக்காம விட்டுட்டேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்ன பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. மேசை மேல ஏறி படுக்கறதுக்கு முன்னாடி மடியிலேந்து சுருக்குப்பைய அவுத்து என் கையில வச்சு, "எண்ணி வச்சிருக்கேன் பாப்பா"ன்னாங்க. படம் எடுத்து முடிக்கற வரைக்கும் அது என் கோட்டுப் பாக்கெட்லயே இருந்துச்சு.