செந்தூல் வீட்டில் லினக்ஸ்: விசைப்பலகையும் அப்பாவின் கோப்புகளும்

லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு வேகம், பாதுகாப்பு, செலவின்மை என்று பலரும் பல பதில்களைச் சொல்கிறார்கள். எனக்கு இருந்த கேள்வி வேறு. அதில் தடையின்றித் தமிழில் எழுத முடியுமா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் சேர்ந்து கிடக்கும் தமிழ்க் கோப்புகளை அதில் திறக்க முடியுமா என்பதே அது. கோலாலம்பூர், செந்தூலில் உள்ள என் வீட்டிலிருந்தபடியே கோயில் ஆண்டு மலர்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுத்துப் பிழைப்பவன் நான். தமிழ் எழுத்து ஒழுங்காக வராத கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது.

மாற்றத்துக்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. என் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. அதிலுள்ள இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இல்லை. லோயாட் பிளாசாவில் விசாரித்தபோது, புதிய கணினி வாங்குவதே வழி என்றார்கள். விசைகளில் எழுத்து தேய்ந்திருந்தாலும் 8 ஜிபி நினைவகத்தோடு ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் கருவியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்காள் மகன், பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிப்பவன், பலகாரத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "மாமா, எதையும் அழிக்க வேண்டாம். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பிறகு யோசிக்கலாம்" என்றான். லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் கருவான கர்னலின் பெயர் என்பதையும், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை எழுதத் தொடங்கினார் என்பதையும், அந்தக் கர்னலோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்துத் தருபவையே உபுண்டு, ஃபெடோரா, மின்ட் போன்ற வழங்கல்கள் என்பதையும் அவன்தான் எனக்கு விளக்கினான். விண்டோஸில் பழகிய கைக்கு மின்ட்டின் சின்னமன் முகப்பு அந்நியமாக இருக்காது என்று சொல்லி 22.2 பதிப்பைத் தேர்ந்தெடுத்தான். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட அந்தப் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் உண்டு. ஏறக்குறைய 3 ஜிபி கோப்பைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கியபோது, ஒலி, தொடுபலகை, திரையின் வெளிச்சம் எல்லாம் சொல்லாமலே வேலை செய்தன. வைஃபை மட்டும் கண்ணில் படவில்லை.

இந்த வைஃபை சிக்கலைக் கண்டு பின்வாங்கியவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சில வைஃபை சில்லுகளுக்கான இயக்கி நிரல் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. தனியாக நிறுவ வேண்டும். நிறுவுவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த இயக்கி வேண்டும் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியில் செருகி, கைப்பேசியின் அமைப்பில் யூஎஸ்பி வழி இணையப் பகிர்வை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்கிறது. பிறகு மின்ட்டின் இயக்கி மேலாளரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் இயக்கியைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கம் செய்தால் போதும். எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

விண்டோஸை அழிக்காமல் வட்டின் ஒரு பாதியில் மின்ட்டை நிறுவினோம். மறுநாள் விண்டோஸுக்குள் போனபோது கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது. மின்கலம் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். கணினிக்குள் இருக்கும் வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கருதுகின்றன. மலேசிய நேரம் பொது நேரத்துக்கு எட்டு மணி முந்தியது என்பதால் அந்த எட்டு மணி அப்படியே திரையில் வந்து நின்றது. (1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னகர்த்தப்படாமல் இருந்திருந்தால் என் கணினி ஏழரை மணி பின்தங்கியிருக்கும்.) கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் ஒரே ஒரு கட்டளை கொடுத்து, வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே வைத்துக்கொள்ளுமாறு லினக்ஸிடம் சொன்னதும் சரியாயிற்று. விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க முடிந்தும் மாற்ற முடியாமல் இருந்ததற்கு விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி காரணம். அந்த வசதி இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, வட்டையும் முழுமையாக விடுவிப்பதில்லை. அதையும் நிறுத்தினோம். அச்சுப்பொறியைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. கணினி தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

இனி விசைப்பலகை. விண்டோஸில் நான் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தி வந்தது, நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்து வரும் முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள். அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் உரியது. ஆனால் என் விரல்களில் பதிந்திருப்பது தமிழ்99 தளக்கோலம், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்னும் அமைப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அந்தக் கோலம் எந்த ஒரு மென்பொருளுக்கும் சொந்தமானதன்று. ஆகவே லினக்ஸிலும் அது இருக்கும் என்று நம்பினேன். விசைப்பலகை அமைப்பைத் திறந்ததும் இந்தியாவின் கீழ் 'தமிழ்நெட் 99' என்ற பெயர் கண்ணில் பட்டது. மகிழ்ச்சியோடு அதைச் சேர்த்துத் தட்டிப் பார்த்தேன்; எழுத்துகள் வந்தன, ஆனால் சொற்கள் சிதறின.

காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தமிழ்99-இன் சிறப்பு விசைகளின் இடத்தில் மட்டும் இல்லை, அதன் விதிகளில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வை அடுத்துக் க வந்தாலும், ந-வை அடுத்துத் த வந்தாலும் அப்படியே. மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் அது உயிர்மெய்யாகிவிடும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். நான் முதலில் தேர்ந்தெடுத்த தளக்கோலமோ ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று வைத்திருக்கும் வெறும் அட்டவணை. முன்னால் வந்த எழுத்து எது என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்த்து முடிவெடுப்பதற்கு உள்ளீட்டு முறை என்னும் தனி அடுக்கு வேண்டும். ஐபஸ் என்பது அந்த அடுக்கு. எம்17என் என்னும் தொகுப்பு அதற்குள் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி ஆகிய முறைகளைக் கொண்டு வருகிறது. இரண்டையும் நிறுவி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்து, ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழ்99-ஐச் சேர்த்தேன். நான்கு விசைகளைத் தட்டினேன். அம்மா என்று வந்தது. லினக்ஸுக்கு மாறும் தமிழர் ஒருவருக்கு நான் ஒன்றே ஒன்றைச் சொல்லலாம் என்றால், விசைப்பலகை அமைப்புக்குள் தேடாதீர்கள், நேராக ஐபஸுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஒரு குறிப்பு தொடக்கத்திலேயே கிடைத்திருந்தால் அந்த இரண்டு நாள் மனச்சோர்வு எனக்கு இருந்திருக்காது.

எழுத்துருக்களில் குறையில்லை. நோட்டோ, லோகித் ஆகியவற்றோடு, மீரா இனிமை என்னும் எழுத்துருவையும் நிறுவிக்கொண்டேன். கேரளத்தின் சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவினர் தமிழுக்காக உருவாக்கி வழங்கியது அது. அடுத்த வீட்டு மொழிக்காரர்கள் செய்து கொடுத்த எழுத்தில் ஒரு கோயில் மலரின் முன்னுரையைப் படிப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

இப்போது, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா பேராவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்று பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போன பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதி வைத்தார். 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து, கையெழுத்துப் படிகளை எல்லாம் தாமே கணினியில் ஏற்றத் தொடங்கினார். அவர் காலமான பிறகு அந்தக் குறுந்தகடுகளைப் படியெடுத்து வைத்திருந்தேனே தவிர, திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரிந்தது. அவை திஸ்கி என்னும் பழைய குறியாக்கத்தில், அதாவது தமிழ் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில் இருந்தன. அதற்குரிய எழுத்துரு என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் தேடவோ இன்றைய மென்பொருளில் திருத்தவோ முடிந்திருக்காது.

திஸ்கியை, இன்றைய பொதுக் குறியாக்கமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது எழுத்துக்கு எழுத்து இடம் மாற்றும் வேலையாக முடிந்துவிடுவதில்லை. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. தோட்டம் என்ற சொல்லில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு த, பிறகு கால் என்று மூன்றாக இருக்கும். ஒருங்குறியிலோ முதலில் த, அதன்பின் ஓகாரக் குறி என்று ஒலி வரிசையில் இரண்டாக இருக்க வேண்டும். எனவே மாற்றும் நிரலுக்குத் தமிழ் எழுத்தின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். இதற்காக ஏதாவது மென்பொருளைப் பதிவிறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணித் தேடிக்கொண்டிருந்தபோது, அக்காள் மகன் தொலைபேசியில், "மாமா, ஐகான்வ் கட்டளையின் பட்டியலில் திஸ்கி இருக்கிறது, பாருங்கள்" என்றான். ஐகான்வ் என்பது லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு சேர்ந்தே வரும் குறியாக்க மாற்றி. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதாவது நான் மின்ட்டை நிறுவிய நாளிலிருந்தே, அப்பாவின் கோப்புகளுக்கான சாவி என் கணினிக்குள் இருந்திருக்கிறது.

திஸ்கியிலிருந்து, ஒருங்குறியின் சேமிப்பு வடிவமான யூடிஎஃப்-8-க்கு என்று குறிப்பிட்டு, தாலாட்டு என்று பெயரிட்டிருந்த முதல் கோப்பைக் கட்டளைக்குக் கொடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. புதிய கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் பாடியவரின் பெயரும், அவருடைய தோட்டமும், கேட்டு எழுதிய தேதியும், அப்பா எதையும் எழுதும் அதே ஒழுங்கில் இருந்தன. சில கோப்புகளில் பழுதான இடம் வந்ததும் கட்டளை நின்றுவிட்டது. அத்தகைய இடங்களைத் தாண்டிச் செல்லுமாறு சொல்ல ஒரு தெரிவு இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் எழுத்து விடுபட்டதே தெரியாமல் போய்விடும் என்பதால், நின்ற இடத்தை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தேன். மூன்று இரவுகளில் 43 கோப்புகள் முடிந்தன. அம்மா பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், பாடியவர்களில் யார் யார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறார்.

வேலையைப் பொறுத்தவரை மாற்றம் இன்னும் முழுமையடையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் பழகிய பக்க வடிவமைப்பு மென்பொருள் லினக்ஸுக்கு வருவதில்லை. அதற்கு ஈடாக ஸ்கிரைபஸைப் பயன்படுத்துகிறேன். 2024-இல் வெளிவந்த 1.6 பதிப்பு தமிழ்க் கொம்புகளையும் கால்களையும் சரியான இடத்தில் அமைக்கிறது; அதற்கு முந்தைய 1.4 வரிசையில் அது இயலாது என்பதால், ஸ்கிரைபஸில் தமிழ் உடைகிறது என்று பழைய கட்டுரைகளில் படித்தவர்கள் புதிய பதிப்பை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு திருமண அழைப்பிதழை முழுவதும் அதிலேயே செய்து, அச்சகத்துக்குப் பிடிஎஃப்பாக அனுப்பினேன். ஒரு கேள்வியும் வராமல் அச்சாகி வந்தது. எனினும் பழைய ஆண்டு மலர்களின் மூலக் கோப்புகளை ஸ்கிரைபஸ் திறக்காது. அவற்றுக்காகவே விண்டோஸ் பகுதியை இணைய இணைப்பில்லாமல் வைத்திருக்கிறேன்.

அப்பாவின் கோப்புகளில் இன்னும் 11 மீதமிருக்கின்றன. அவை திஸ்கியில் இல்லை. தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற டேப் குறியாக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது, அதை ஐகான்வ் அறியாது. ஓப்பன் தமிழ் என்னும், பைத்தான் நிரல்மொழிக்கான நூலகத்தில் அதற்கான மாற்றி இருக்கிறது. பைத்தானை நான் தொட்டதே இல்லை. வரும் சனிக்கிழமை அக்காள் மகன் வருகிறான். அந்த 11 கோப்புகளும் ஒப்பாரிப் பாடல்கள்.